அத்தை சத்தம்

மார்ச் 4

சம்பந்தி அவர்களுக்கு,

போனில் பேசலாம். பேசினால் நீங்கள் சிரித்துப் பேசி மழுப்பிவிடுவீர்கள். நாளைக்கு "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்பீர்கள். அதனால் எழுதுகிறேன். பதிலும் எழுத்தில் வேண்டும்.

உங்கள் மகளுக்கு நீங்கள் அனுப்பிய பார்சல் வந்தது. பிரிக்கவேண்டும் என்று பிரிக்கவில்லை. உள்ளே இருந்த டப்பா கசிந்து அட்டை நனைந்திருந்தது, மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை. இத்தனை வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் நான், கசிகிற எதையும் அப்படியே விட மனசு வராது. உள்ளே ஒரு ஸ்ப்ரே டப்பாவும் உங்கள் கையெழுத்தில் ஒரு தாளும் இருந்தன. தாளையும் உலர்த்தினேன். உலர்த்தும்போது கண்ணில் பட்டது. நீங்கள் எழுதியதை உங்களுக்கே எழுதிக் காட்டுகிறேன்:

"கண்ணு, அத்தை சத்தம் போட்டால் பதறாதே. எல்லாவற்றையும் அடக்கிவிட்டுப் பார். அப்போதும் முனகிக்கொண்டே இருந்தால் உள்ளேயே கோளாறு என்று அர்த்தம். வயசாகிவிட்டது, உள்ளே காய்ந்துபோயிருக்கும். அத்தையைச் சரிபண்ண உன்னால் ஆகாது, என்னிடம் விட்டுவிடு. சித்தப்பாவுக்கு இந்த ஸ்ப்ரே போதும். அடித்துவிட்டு இடமும் வலமுமாக நன்றாகத் திருகு. பெரியப்பா இருக்கும்வரை இருப்பார், கண்டுகொள்ளாதே."

சித்தப்பாவும் பெரியப்பாவும் உங்கள் வீட்டு விவகாரம். இந்த வீட்டில் உங்கள் மகள் அத்தை என்று கூப்பிடுவது என்னை ஒருத்தியைத்தான்.

இன்னொன்று. அவள் கிதாரோடு கொண்டுவந்த ஸ்பீக்கர் பெட்டி மாடி அறையில், என் அறைக்கு நேர் மேலே இருக்கிறது. சாயங்காலம் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறாள், நான் தடுத்ததில்லை. வந்த புதிதில் பெட்டி ஒழுங்காகத்தான் இருந்தது. எனக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, மகன் என் அறையைச் சீர்செய்து கொடுத்து, நான் சாயங்காலத்தில் கொஞ்சம் படுக்க ஆரம்பித்த பிறகுதான் இந்த இரைச்சல். நான் கூடத்தில் இருக்கும்வரை சும்மா இருக்கிறது. அறைக்குப் போய், விளக்கைக் குறைத்து, தலையைச் சாய்க்க வேண்டியதுதான், மேலே 'ர்ர்ர்' என்று ஆரம்பித்துவிடும். நாள் தவறாமல். இதைத் தற்செயல் என்று நீங்கள் சொல்லப்போவதும் எனக்குத் தெரியும்.

போன வாரம் நான் படியில் நிற்கும்போது அவள் என் மகனிடம் சொன்னாள்: "அத்தைய சரிபண்ண முடியாதுங்க. இடத்த மாத்திப் பாப்போம்." தனிக்குடித்தனத்துக்கு அடி போடுகிறாள். அதற்கு என் வாயிலிருந்தே "போ" என்று வரவழைக்கத்தான் இந்தச் சத்தம்.

மாதக் கடைசியில் பழைய சாமான்காரர் வருவார். அதற்குள் நீங்கள் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போங்கள். பெட்டி போனால் நானும் போகிறேன் என்று அவள் சொன்னால், போகட்டும்.

மாப்பிள்ளையின் அம்மா


மார்ச் 9

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை நின்றபடி படிக்க ஆரம்பித்தேன், பாதியில் உட்கார்ந்தேன், முடிக்கும்போது தண்ணீர் கேட்டேன். "என்னங்க, கரண்ட் பில்லா?" என்றாள் என் மனைவி. ஆமாம் என்றேன். ஆகவே, இந்த விஷயத்தில் நான் பொய்யே சொல்லவில்லை என்று சத்தியம் செய்கிற தகுதி எனக்குப் போய்விட்டது. மற்றபடி கேளுங்கள்.

அந்த அத்தை நீங்கள் இல்லை. ஆளே இல்லை. அது ஒரு சத்தம்.

நான் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். படிப்பு ஒன்பதாம் வகுப்போடு சரி. நான் நின்றுவிட்டதைப் பள்ளிக்கூடம் ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தது. மகள் கிதார் வேண்டும் என்று அடம்பிடித்தபோது, கலைந்துபோன ஒரு வாத்தியக் குழுவிடமிருந்து இந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியை வாங்கினேன். வால்வு போட்ட பெட்டிக்கு வசதி இல்லை, இது ட்ரான்சிஸ்டர். அப்போதே அது கிழம். கிழப் பெட்டி சும்மா இருக்குமா? ஒவ்வொரு மாதிரி சத்தத்துக்கும் இங்கிலீஷில் ஒரு பெயர் உண்டாம். எனக்கு அதெல்லாம் வாயில் நுழையவில்லை. அதனால் எங்கள் வீட்டு ஆட்களின் பெயரை வைத்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

குமிழைத் தொட்டாலே சரசர படபட என்று சண்டைக்கு வருவது சித்தப்பா. என் தம்பி அப்படித்தான், தொடாமல் விட்டால் தங்கம். காரணம் குமிழுக்கு அடியில் சேர்ந்த அழுக்கு. ஸ்ப்ரே அதற்குத்தான். தம்பிக்கும் அடித்துப் பார்த்தால் என்ன என்று நினைத்ததுண்டு.

சத்தத்தை ஏற்ற ஏற்றக் கூடவே உஸ்ஸ் என்று பெருமூச்சு விடுவது பெரியப்பா. பழைய பெட்டியில் அது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.

எல்லாக் குமிழையும் பூஜ்யத்தில் வைத்தாலும், கிதாரையே கழற்றிவிட்டாலும் ம்ம்ம் என்று முனகிக்கொண்டே இருப்பது அத்தை. அதாவது என் அக்கா. யாரும் ஒன்றும் கேட்காவிட்டாலும் அடுப்படியில் முனகிக்கொண்டிருப்பாள். பெட்டிக்குள் கரண்ட்டைச் சீராக்க கெபாசிட்டர் என்று சின்ன டப்பா மாதிரி ஒரு சாமான் உண்டு. வயசானால் அது உள்ளே காய்ந்துவிடும். காய்ந்தது என்று நான் எழுதியது அதைத்தான்.

இந்தப் பெயரெல்லாம் வைத்த காலத்தில் உங்கள் மகன் எந்தத் திசையில் இருக்கிறார் என்றே எங்களுக்குத் தெரியாது. கல்யாணத்தன்றே மாற்றியிருக்க வேண்டும். புத்தி அன்றைக்குப் பந்தலில் ஸ்பீக்கர் கட்டுவதில் இருந்தது.

"இடத்த மாத்திப் பாப்போம்" என்றது பெட்டியின் இடத்தையாகத்தான் இருக்கும். இருக்கும் என்றுதான் எழுதுகிறேன், அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் படியில் நின்றதையும் சேர்த்துச் சொல்லவேண்டி வரும்.

என்னை நம்பவேண்டாம். அவள் காலையில் பாட்டுப் பள்ளிக்கு வேலைக்குப் போன பிறகு நீங்களே பெட்டியைப் போட்டுப் பாருங்கள். முதலில் கிதார் இல்லாமல், எல்லாம் பூஜ்யத்தில். பிறகு ஒவ்வொரு குமிழாகத் திருகி. பின்பக்கத்தை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே கரண்ட் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும்.

ஒரு சின்ன சந்தேகம். ஸ்ப்ரே டப்பாவின் மூடிக்கு மேல் நான் டேப் சுற்றியிருந்தேனே, அதையும் மீறியா கசிந்தது?

பெண்ணைப் பெற்றவன், பெட்டியை வாங்கியவன்


மார்ச் 14

சம்பந்தி அவர்களுக்கு,

டேப் சுற்றியிருந்தீர்கள். மூடிக்குச் சுற்றவில்லை, மூடிக்குக் கீழே சுற்றியிருந்தீர்கள். ஆஸ்பத்திரியில் இப்படிக் கட்டுப் போட்டிருந்தால் வேலை போயிருக்கும்.

கூடப் பிறந்த தம்பிக்கு மருந்தடிக்க நினைத்ததாக எழுதுகிற மனிதரை எவ்வளவு தூரம் நம்புவது என்று யோசித்தேன். பிறகு சோதித்தேன்.

கிதார் இல்லாமல், எல்லாம் பூஜ்யத்தில்: மெல்லிய ம்ம்ம். ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டேன். ஒரே சீர், ஏற்ற இறக்கம் இல்லை. குமிழைத் திருகினால் சரசர. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குமிழ்களைக் கழற்றி, மீதியிருந்த ஸ்ப்ரேயை இடுக்கில் அடித்துத் திருகினேன். உங்கள் தம்பி அடங்கிவிட்டார். சத்தத்தை ஏற்றினால் உஸ்ஸ். ஆக, நீங்கள் எழுதிய மூன்று பேரும் இருக்கிறார்கள். அதுவரை உண்மை.

ஆனால் என்னைப் படுக்கவிடாமல் அடிக்கிற அந்த 'ர்ர்ர்' வரவில்லை. கிதாரை மாட்டினேன், ஏற்றினேன், அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. மறுநாள் காலையும் வரவில்லை. சாயங்காலம் உங்கள் மகள் வந்தாள், நான் போய்ப் படுத்தேன், வந்துவிட்டது.

நோயாளி நர்ஸ் முன்னால் நன்றாக இருக்கிறான், ஒருத்தி வந்தால் மட்டும் கத்துகிறான் என்றால், நாங்கள் நோயாளியைப் பார்க்கமாட்டோம். வருகிற ஆளைத்தான் பார்ப்போம்.

இதற்கு எந்தச் சொந்தக்காரர் பெயர் வைத்திருக்கிறீர்கள்?

மாப்பிள்ளையின் அம்மா


மார்ச் 17

சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம் எழுத மறந்து, மேலே இடம் இல்லாததால் இங்கே எழுதுகிறேன். வணக்கம்.

அந்த 'ர்ர்ர்' எங்கள் சொந்தத்தில் இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நேற்று ஒரு முட்டாள்தனம் செய்தேன். மகளுக்குப் போன் போட்டு, சுற்றி வளைத்து, "கண்ணு, சாயங்காலத்துல நீ எதையாவது வேணும்னே ஏத்தி வைக்கிறியா?" என்று கேட்டுவிட்டேன்.

"என்னப்பா கேக்கறீங்க?"

"இல்லம்மா, அத்தை படுக்கிற நேரம்..."

"எந்த அத்தை?"

எனக்கு எந்த அத்தை என்று சொல்லத் தெரியவில்லை. அவள் "நீங்களுமா?" என்றாள். வைத்துவிட்டாள். அப்புறம் எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

"நீங்களும்" என்றால் ஏற்கனவே வேறு யாரோ கேட்டிருக்கிறார்கள். யார் என்று நான் கேட்கவில்லை.

என் மகள் பொய் சொல்லமாட்டாள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் கரண்ட் பில் என்று பொய் சொன்னவனின் மகள்தானே அவள் என்று யோசித்தால் கை நிற்கிறது. நேற்று சாப்பிடும்போது, அவள் சின்ன வயதில் கோபம் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பெட்டியை அலறவிடுவது ஞாபகம் வந்தது. வந்திருக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று மட்டும் செய்து பாருங்கள். வெளியிலிருந்து பெட்டிக்குள் நுழைகிற சத்தமும் உண்டு. கிதாரில் கம்பிக்கு அடியில் காந்தம் மாதிரி ஒன்று இருக்கிறது, வீட்டில் ஓடுகிற எதன் இரைச்சலையும் அது ஒட்டுக்கேட்கும். (மன்னிக்கவும், வேறு வார்த்தை வரவில்லை.) சத்தம் வருகிற நேரம் பார்த்து, ட்யூப் லைட், ஃப்ரிட்ஜ், சார்ஜர், மோட்டார், ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எதை அணைத்தால் நிற்கிறதோ அதுதான் ஆள்.

அதிலும் நிற்கவில்லை என்றால் பெட்டியை எடுத்துக்கொண்டு வர நானே வருகிறேன். பெட்டியோடு யார் வருகிறார்கள் என்பதை அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

பெண்ணைப் பெற்றவன்


மார்ச் 21

சம்பந்தி அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். படுத்தேன், சத்தம் வந்ததும் எழுந்து போய் ஃப்ரிட்ஜை அணைத்தேன். கூடத்து ட்யூப் லைட், அடுப்படி ட்யூப் லைட், மகனின் கம்ப்யூட்டர், சார்ஜர்கள், தண்ணீர் மோட்டார், எல்லாவற்றையும் அணைத்தேன். மகன் இருட்டில் வந்து நாற்காலியில் முட்டிக்கொண்டு, "அம்மா, என்ன தேடறீங்க?" என்றான். "உன் மாமனார் தொலைச்சத" என்றேன்.

நிற்கவில்லை. திரும்பி என் அறைக்கு வந்து படுத்தேன், அதே 'ர்ர்ர்'.

என் அறையில் ஒன்றும் கிடையாது, நீங்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். ஒரு மின்விசிறி, ஒரு விளக்கு. இரண்டுக்கும் வாயே இல்லை.

அவளிடம் முதலில் கேட்டது நான்தான். யார் என்று நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அன்றிலிருந்து "சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா" என்பதற்கு மேல் பேச்சில்லை.

பழைய சாமான்காரரிடம் சொல்லிவிட்டேன். 30ஆம் தேதி வருகிறார். நீங்கள் அதற்கு முன் வாருங்கள்.

ஒன்று மட்டும். பெண்ணை அழைத்துப் போகத்தான் இத்தனை நாளும் எனக்குச் சோதனை மேல் சோதனை கொடுத்துக் காலம் கடத்தினீர்களோ என்றும் தோன்றுகிறது. மேலே வீடு கட்டியதே அவர்கள் இருப்பதற்காக. அதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன்.

மாப்பிள்ளையின் அம்மா


மார்ச் 24

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம்.

இந்தக் கடிதத்தை எழுதலாமா கிழிக்கலாமா என்று இன்னமும் முடிவாகவில்லை. எழுதினால் பழியை உங்கள் தலையில் கட்டுகிறேன் என்பீர்கள். அதனால் நான் சொல்வதாக வேண்டாம், நீங்கள் எழுதியதையே உங்களுக்கு எழுதிக் காட்டுகிறேன். இந்த முறையை உங்களிடம்தான் கற்றேன்.

பெட்டியை ஏற்றிவர வண்டிக்குச் சொல்லிவிட்டு, உங்கள் கடிதங்களை எல்லாம் ஒன்றாக வைக்கும்போது முதல் கடிதத்தை மறுபடி படித்தேன். "அறைக்குப் போய், விளக்கைக் குறைத்து, தலையைச் சாய்க்க வேண்டியதுதான்" என்று இருக்கிறது. முதல் தடவை படிக்கும்போது எனக்குக் கோபம், அதனால் எழுத்து தெரியவில்லை. சம்பந்தியம்மா, ஊரில் எல்லோரும் விளக்கை அணைப்பார்கள். நீங்கள் குறைத்து என்று எழுதியிருக்கிறீர்கள். அணைக்கிற விளக்கைக் குறைக்க முடியாது. குறைக்க முடிந்தால் அதற்கு ஒரு திருகு இருக்கவேண்டும்.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு, கண் கூசாமல் இருக்க மாப்பிள்ளை உங்கள் அறையில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற ரெகுலேட்டர் மாட்டிக்கொடுத்தாரா?

மாட்டியிருந்தால் கேளுங்கள். அந்த மாதிரி ரெகுலேட்டர் கரண்ட்டைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் வெளிச்சத்தைக் குறைக்கும். பாதியில் வைத்தால் நறுக்கும் இரைச்சல் மோசம். உங்கள் காதுக்குக் கேட்காது, சுவரில் ஓடுகிற வயர் வழியே மாடிக்குப் போய்க் கிதாரின் காதுக்குக் கேட்கும். காலையில் நீங்கள் சோதித்தபோது விளக்கு எரியவில்லை, அதனால் வரவில்லை. சாயங்காலம் வீடு முழுக்க அணைத்தீர்கள், அந்த விளக்கு மட்டும் குறைந்தபடியே எரிந்துகொண்டிருந்தது.

மேடையில் விளக்குக்காரரோடு இதற்காக எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறேன். இது எனக்கு முதலில் அல்லவா தோன்றியிருக்க வேண்டும்? தோன்றவில்லை. நான் மகளைச் சந்தேகப்படுவதில் மும்முரமாக இருந்தேன்.

தப்பாக இருந்தால் 29ஆம் தேதி வண்டியோடு வருகிறேன். சரியாக இருந்தால் வண்டிக்காரருக்குச் சொல்லிவிட ஒரு வரி எழுதுங்கள். பதில் வரும்வரை என் அக்காவைப்போல முனகிக்கொண்டிருப்பேன்.

பெண்ணைப் பெற்றவன்


மார்ச் 27

சம்பந்தி அவர்களுக்கு,

வண்டி வேண்டாம்.

நேற்று சாயங்காலம் மேலே வகுப்பு ஆரம்பித்ததும் போய்ப் படுத்தேன். விளக்கைக் குறைத்தேன், 'ர்ர்ர்'. முழுசாக ஏற்றினேன், பாதியாக அடங்கியது. அணைத்தேன், நின்றது. நம்பவில்லை. மறுபடி குறைத்தேன், ஏற்றினேன், அணைத்தேன். யாராவது பார்த்திருந்தால் எனக்கு ஆபரேஷன் கண்ணிலா தலையிலா என்று கேட்டிருப்பார்கள்.

கடைசியாக அணைத்துவிட்டுப் படி ஏறினேன். பாதிப் படியில் உங்கள் மகளின் குரல் கேட்டது, தன்னிடம் படிக்கிற பெண்ணிடம் சொல்கிறாள்: "அப்பாடா, அத்தை போயிட்டாங்க. இப்ப வாசி."

நின்றுவிட்டேன். சத்தத்தைச் சொல்கிறவள் "போயிடுச்சு" என்றல்லவா சொல்லவேண்டும்? "போயிட்டாங்க" என்றால்? சத்தத்துக்கு யாராவது மரியாதை கொடுப்பார்களா? திரும்பி இறங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு இத்தனை சோதனை செய்தோம், இதையும் செய்துவிடுவோம் என்று உள்ளே போனேன்.

"அத்தை போகல. இங்கதான் நிக்கிறேன்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, உங்கள சொல்லல அத்தை. அந்த அத்தைய சொன்னேன்."

"எந்த அத்தை?"

"அப்பாவோட அக்கா. 'ம்ம்ம்'னாலும் 'ர்ர்ர்'னாலும் எனக்கு அவங்கதான். பெட்டிக்குள்ள இருக்காங்களே..."

"உங்கப்பா அக்காவ பெட்டிக்குள்ள வச்சா கட்டிக்குடுத்தாரு?"

வகுப்புக்கு வந்த பெண் சிரித்துவிட்டாள். உங்கள் மகள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, இத்தனை நாள் கேட்காததைக் கேட்டேன்.

"இடத்த மாத்திப் பாப்போம்னியே. எங்க?"

பொய் சொல்கிற நோயாளி உடனே பதில் சொல்வான். இவள் சுற்றிப் பார்த்தாள், யோசித்தாள், "அந்த ஜன்னல் பக்கம் அத்தை, இல்லாட்டி இந்த அலமாரி ஓரம். எது நல்லதுன்னு தெரியல" என்றாள். நாங்கள் மூன்று பேரும் பெட்டியை நகர்த்தி ஜன்னல் பக்கம் வைத்தோம். என்ன கனம்.

விளக்கை அவள் அறிவாளா என்றும் விசாரித்துவிட்டேன். என் அறைக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. உள்ளே வரச்சொல்லி நான் கூப்பிட்டதில்லை.

ரெகுலேட்டரை மகன் கழற்றிவிட்டான். பழைய சாமான்காரர் வருவது வீணாகக் கூடாது, அதை அவரிடம் கொடுத்துவிடுகிறேன். அந்த மெல்லிய ம்ம்ம் இன்னும் இருக்கிறது. அதைச் சரிபண்ண மெக்கானிக்கை இங்கே அனுப்புங்கள். பெட்டி இந்த வீட்டுப் படி இறங்கக் கூடாது.

உங்களை முழுக்க நம்பிவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். தம்பிக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று என்று பெயர் வைத்தவர், தனக்கு ஒன்று வைத்துக்கொள்ளாமல் இருக்கமாட்டார். அது எந்தச் சத்தம்? எழுத்தில் வேண்டும்.

அவளுடைய அத்தை


மார்ச் 30

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம்.

நேற்று மகள் போன் செய்தாள். எடுத்ததும் "என்னையே சந்தேகப்பட்டீங்கல்ல?" என்றாள். "உங்க அத்தையும்தான் பட்டாங்க" என்றேன். "அவங்க மாடி ஏறி வந்து நேரா கேட்டாங்க. நீங்க போன்ல சுத்தி வளைச்சீங்க" என்றாள். மரியாதை உங்கள் பக்கம் சாய்ந்துவிட்டது. சாயட்டும்.

"போயிட்டாங்க" விஷயம் உண்மைதான். எங்கள் வீட்டில் அந்தச் சத்தத்துக்கும் மரியாதை கொடுத்துத்தான் பேசுவோம். அக்கா அடுத்த அறையில் இருப்பாள், காதில் விழுந்தால் வம்பு.

மெக்கானிக் அடுத்த வாரம் வருவார். உங்கள் அறைக்கு வெளிச்சம் குறைந்த சின்ன பல்பு ஒன்று தனியே அனுப்பியிருக்கிறேன், திருக வேண்டியதில்லை. இந்த முறை மூடிக்கு மேலேயே டேப் சுற்றிவிட்டேன். பல்புக்கு மூடி கிடையாது என்பது சுற்றி முடித்த பிறகுதான் தெரிந்தது. பார்சல் உங்கள் பெயருக்குத்தான் வருகிறது, கசியாவிட்டாலும் பிரிக்கலாம்.

கடைசிக் கேள்விக்குப் பதில். பெயர் நான் வைக்கவில்லை, மகள் வைத்தாள். வாசித்து முடித்து, பெட்டியை அணைத்து, எல்லாம் அடங்கிய பிறகு கேட்டுப் பாருங்கள். ஒரு நொடி கழித்து உள்ளேயிருந்து ஒரே ஒரு சத்தம் வரும். கோளாறு இல்லை, மிச்சமிருந்த கரண்ட் வெளியே போகிறது, அவ்வளவுதான். எல்லோரும் பேசி முடித்து எழுந்துபோன பிறகு வந்து ஒன்றைச் சொல்வதால் அதற்கு அப்பா என்று பெயர்.

டொப்.